தாச்சிக்குக் காது கொடுத்தவர்

அடுப்பில் ஏற்றிய தாச்சிச் சட்டிக்கு நேரே முகம் வைத்து அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பக்கவாட்டில்தான் உட்காருவார். இடது காது தாச்சியின் பக்கம் இருக்கும், முகம் வேலியின் பக்கம் இருக்கும், கண்கள் அநேகமாக மூடியிருக்கும். நீளப்பிடி அகப்பை மட்டும் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். தெரியாதவர்கள் மனுசன் நித்திரையாகிவிட்டார் என்று நினைப்பார்கள்.

பக்கத்துக் காணிக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர், வாய்க்காரர். வாய்க்காலுக்குப் போகும்போது வேலிக்கு மேலால் ஒரு சொல் எறியாமல் போகமாட்டார்.

"என்ன பங்களா, தாச்சி உம்மோட கதைக்குதோ?"

"ஆமாங்க. ஒங்களவிடக் கொறச்சலா பேசுது. அதனால வெளங்குது."

காணிக்காரர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். இவர் கண் திறக்கமாட்டார்.

பங்களாக்காரர் என்பது குடியிருப்பில் வைத்த பெயர். மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரையின் பங்களாக் குசினியில் முப்பது வருடத்துக்கு மேல் அடுப்பு எரித்தவர். 1977 ஆவணி இனக்கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயம் எரிந்தபோது மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். மனைவி அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். 1978 தை மாதம் கனகராயன்குளத்துக்குக் கிழக்கே, குளக்கட்டுக்குக் கீழே இருபது குடிசைகள் எழும்பின. அதில் கடைசிக் குடிசை அவர்களுடையது. ரோட்டோரத்து உப தபாற்கந்தோரில் அப்போது நான் வேலை. என் பின்வேலியில் நின்றால் அவருடைய அடுப்புப் புகை தெரியும்.

அவர் காய்ச்சியது சாராயம் அல்ல. கசிப்பும் அல்ல. துரை தன் ஊரில் குடித்துப் பழகிய ஒருவகைக் கறுத்த பியர். உலகப் போர்க் காலத்தில் கப்பல் வராமல் போனபோது துரை தானே பார்லியை முளைக்கவைத்து அதைக் காய்ச்சத் தொடங்கினாராம். அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் இவர். துரை ஊருக்குப் போன பிறகும் கை மறக்கவில்லை. வன்னியில் பார்லிக்கு எங்கே போவது? குரக்கனை எடுத்துக்கொண்டார். துரையோ திரும்பி வரப்போவதில்லை. குடிப்பதற்கு முனியாண்டியை வைத்துக்கொண்டார்.

குளக்கட்டில் ஒரு மருதமரத்தடியில் சூலம் நட்டு முனியாண்டியைக் கும்பிட்டார்கள். ஆடி மாதக் கடைசி வெள்ளியில் மற்றவர்கள் கடைச் சாராயப் போத்தலைக் கொண்டுவந்து வைப்பார்கள். இவர் ஒரு முட்டியைத் துணியால் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவார்.

"கடையில உள்ளத யாரு காச்சுனாங்களோ. சாமிக்குக் கறுப்பா, நம்ம கையால வைக்கணுங்க" என்பார்.

வருடத்துக்கு ஒருமுறைதான். குரக்கனை ஒரு பகலும் ஓர் இரவும் ஊறவைத்து, சாக்கில் கட்டி முளைக்கவிட்டு, பாயில் உலர்த்தி, முளை வேரைத் தேய்த்து உதறி, உரலில் நொறுக்குவார். விரலை வைத்து மூன்று எண்ணக்கூடிய சூட்டில் தண்ணீரில் கலந்து மூடிவைப்பார். மத்தியானத்துக்குள் அது இனித்துவிடும். துணியில் வடிக்கும்போது முதலில் இறங்குவது கெட்டியாக, தேன் போல இருக்கும். அந்த முதல் வடியில் ஒரு பங்கை மட்டும் தனியாக அகலத் தாச்சியில் ஊற்றி மறுநாள் காலை சுண்டவைப்பார். அதுதான் முழு வேலையின் உயிர். மீதி வடி பானையில் வேப்பம்பூவோடு மெல்லக் கொதிக்கும். தாச்சியில் இருப்பது வற்றி, கறுத்து, பாணி போல இழுபடும் ஒரு கணத்தில் பானையில் உள்ளதை அள்ளி அதற்குள் ஊற்றிவிடவேண்டும். முந்தினால் வெறும் இனிப்பு. பிந்தினால் கருகல். ஆறியபின் கள்ளு மண்டி கொஞ்சம் விட்டு முட்டியில் மூடி வைத்தால் நாலாம் நாள் சாமிக்கு ஆயத்தம்.

அந்தக் கணத்தை ஏன் கண்ணால் பார்க்கக்கூடாது என்று நான் கேட்டேன்.

"குரக்கன் முன்னாடியே கறுப்புங்க. கறுப்புக்குள்ள கறுப்பு எப்பிடித் தெரியும்? கண்ணு ஏமாத்தும். சத்தம் ஏமாத்தாது. மொதல்ல மழை மாதிரி இரையும். அப்பறம் சேத்துல மாடு நடக்குற மாதிரி. அதுக்கப்பறம் ஒரு மூச்சு அடங்கும். அதாங்க."

எனக்குப் புத்தகப் பழக்கம் உண்டு. வவுனியா நூல்நிலையத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, சீனி சூட்டில் ஏன் பழுப்பாகிறது, அதன் மணமும் கசப்பும் எங்கிருந்து வருகின்றன என்பதையெல்லாம் வாசித்துவந்து அவருக்கு விளக்கினேன். மரியாதையாக முழுவதையும் கேட்டார்.

"அந்தப் புத்தகத்துல சத்தம் போட்டிருக்குதுங்களா, ஐயா?"

இல்லை என்றேன்.

"அப்ப அதக் காச்சித்தான் பாக்கணும்" என்றார்.

எழுதப்பட்ட எதையும் அவர் நம்பவில்லை. நம்பாதது மட்டுமல்ல, அஞ்சினார். இதை நான் அறிந்துகொள்ள ஒரு வருடம் பிடித்தது. 1979இல் ஒருநாள் தபாற்கந்தோருக்கு வந்து, இந்தியாவில் இருக்கும் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டார். குடியிருப்பில் பலருக்கு நான் எழுதிக் கொடுப்பதுண்டு. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மகள் சுகம். குளத்தில் தண்ணீர் காணாது. இங்கே யானை வருகிறது, சிறுத்தை வருவதில்லை. கடைசியில், "அனுப்பிறவற்றை பேர் என்ன போட?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் போடாதீங்க."

"அப்ப ஆர் எழுதினதெண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"சிறுத்தைன்னு போட்டிருக்கீங்கள்ல? தோட்டத்துல ரெண்டு பேரும் சேந்து பாத்தது, தெரிஞ்சுக்குவான்."

"பதில் போடுறதெண்டால் விலாசம் வேணுமே."

"ஒங்க கந்தோர் விலாசம் போடுங்க. எம் பேர மட்டும் வேணாங்க."

நான் பேனையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அப்போதுதான் சொன்னார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே நாளில், ஒரே வரிசையில், தோட்டக் கந்தோர் வாசலில் நின்று பிரசா உரிமைக்குப் பெயர் கொடுத்தவர்கள். எழுதியவர் ஒருவர்தான். இவருடைய பெயர் இலங்கைப் பட்டியலில் விழுந்தது, தம்பியுடையது இந்தியப் பட்டியலில் விழுந்தது. இருவரும் கேட்டது இலங்கையைத்தான். சில வருடங்கள் கழித்துத் தம்பிக்குக் கடுதாசி வந்தது. அவர் பார்த்தேயிராத நாட்டுக்கு அவரைக் கப்பலேற்றினார்கள்.

"எழுதுனவரு கெட்டவரு இல்லீங்க. அவருக்குக் கை வலிச்சிருக்கும். சாயந்தரம் ஆயிருச்சு. ஒரு கோடு தள்ளி எழுதிட்டாரு."

அந்தக் கடிதம் அப்படியே போனது, பெயரில்லாமல்.

1981 குடிசன மதிப்பீட்டுக்கு வந்தவர் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர். முன்கூட்டியே வீடுகளுக்கு இலக்கம் போட்டார்கள். அடுத்த நாள் கடைசிக் குடிசைக் கதவில் அந்த இலக்கம் இருக்கவில்லை. சாணி பூசியிருந்தது. ஆசிரியர் படிவத்தோடு வந்தபோது நானும் கூடப் போயிருந்தேன்; பங்களாக்காரர் விறகுக்குக் காட்டுக்குப் போய்விட்டார்.

"வீட்டில எத்தினை பேர்?" என்று ஆசிரியர் கேட்டார்.

"ரெண்டுங்க" என்றாள் மகள்.

"பங்களாக்காரர்?"

"எந்தப் பங்களாக்காரருங்க?"

ஆசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குளத்தைப் பார்த்தேன். அந்த வருடம் நாட்டின் சனத்தொகையில் ஒருவர் குறைவு என்பது எனக்கும் ஆசிரியருக்கும் தெரியும்.

இதில் ஒரு பாரம் மருமகனின் தலையிலும் விழுந்தது. லயத்தோடு அவருடைய பத்திரங்களும் எரிந்துவிட்டன. அடையாள அட்டைக்கான படிவத்தை நான் மூன்று தரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றையும் மாமனார் கூரைக் கிடுகுக்குள் செருகிவைத்தார்; கறையான் தின்றது. மருமகன் அதிகம் பேசாதவர், மாமனார் சொல்லைத் தட்டாதவர். மகள் அப்படியல்ல.

"ஒங்களுக்குப் பயம்னா நீங்க ஒளிஞ்சுக்கங்க அப்பா. அவர ஏன் ஒளிக்கிறீங்க?" என்று அவள் என் முன்னாலேயே கேட்டிருக்கிறாள்.

"இருக்கட்டும்மா" என்பார் அவர்.

என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் அவரை எழுதிக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்தே நாளுக்கு நாலு வரி எழுதும் பழக்கம். முதல் மழை எந்தத் திகதி, யாழ்தேவி ரயில் எவ்வளவு பிந்தியது, குளம் நிரம்பி வான் பாய்ந்தது எப்போது, இப்படி. அவர் காய்ச்சும் நாளில் நான் லீவு எடுத்து அவருடைய வேலியோரம் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்திருப்பேன். கையில் கொப்பி இராது. வீட்டுக்கு வந்து எழுதுவேன். அடுப்பு மூட்டிய நேரம், இரைச்சல் மாறிய நேரம், பானையில் உள்ளதை ஊற்றிய நேரம்.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "குடிக்கிறவையிட்டை வெறியைக் கண்டிருக்கிறன். உங்களுக்கு எழுதுறதிலை வெறி. அந்தாள் வேண்டாம் எண்டு சொல்லியும் ஏன் எழுதுறியள்?"

"பேர் எழுதேல்லையப்பா. பங்களாக்காரர் எண்டுதான் போடுறன்."

"களவெடுக்கிறவனும் ஒரு ஞாயம் வைச்சிருப்பான்" என்றார் அவர்.

1988 ஆடி. அந்தத் திங்கட்கிழமை கச்சான் காற்று வழக்கத்தைவிடப் பலமாக வீசியது. பாலைமரக் கொப்புகள் ஓயாமல் இரைந்தன. எட்டே முக்காலுக்கு அடுப்பு மூட்டினார். மருமகன் விறகு தள்ளினார். நான் என் குற்றியில் இருந்தேன். ஒன்பது நாற்பதுக்கு அவர் திடீரென்று தலையை நிமிர்த்தினார்.

"என்ன மாமா?"

"எங்கயோ வெடிச்சிருக்கு. வடக்க."

எனக்கும் மருமகனுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மீண்டும் காதைச் சாய்த்தார். ஆனால் பிடி அறுந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. காற்று ஒருபக்கம், அந்த வெடி ஒருபக்கம். அகப்பையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி காது கொடுத்தார். பத்து வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். கண்ணைத் திறந்து என்னைக் கேட்டார்.

"ஊத்தலாம்னு தோணுதுங்க. ஆனா காத்துல சரியா கேக்கல. போன வருசம் எம்புட்டு நேரம் இருந்துச்சு, ஐயா?"

நான் யோசிக்கவில்லை. "ஒரு மணித்தியாலம் பத்து நிமிசம். இன்னும் பத்து நிமிசம் கிடக்கு."

அவர் என்னையும் என் மணிக்கூட்டையும் பார்த்தார். முப்பது வருடம் துரையின் மணிக்கூட்டுக்குத் தேநீர் கொண்டுபோனவர். கையில் மணிக்கூடு கட்டிய ஒருவர் நேரம் சொன்னால் அதை மறுத்துப் பழக்கமில்லாதவர். "சரிங்க" என்றார். காதை எடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஏழாவது நிமிடத்தில் மணம் மாறியது. மருமகன் பானையில் உள்ளதை அள்ளி ஊற்றுவதற்குள் தாச்சி முழுவதும் கரிந்துவிட்டது.

அவர் விறகுக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதி வச்சிருக்கீங்களா?"

"ஓம்."

"எல்லா வருசமுமா?"

"ஓம்."

"போன வருசம் ஈர வெறகுங்க. இது காஞ்ச பாலை. அத எழுதலீங்களா?"

விறகை நான் எழுதியிருக்கவில்லை.

அவர் கோபிக்கவில்லை. சிரட்டையை எடுத்துத் தாச்சியைச் சுரண்டத் தொடங்கினார். நான் எழும்பி வந்துவிட்டேன். வீட்டில் கொப்பியைத் திறந்து நடந்ததை நடந்தபடி எழுதினேன். வெடியை அவர் முதலில் கேட்ட நேரத்தையும், மருமகன் எங்கே நின்றார் என்பதையும் எழுதினேன். கடைசி வரியாக, "பிழை என்னுடையது" என்று எழுதினேன். அந்தக் கொப்பியில் அப்படியொரு வரி அதற்கு முன் இல்லை.

அன்று ஒன்பது நாற்பதுக்கு வெடித்தது மாங்குளம் போகும் வழியில் ஒரு கண்ணிவெடி. புதன்கிழமை விடிய இந்திய அமைதிப்படை குடியிருப்பைச் சுற்றிவளைத்தது. அடையாள அட்டை உள்ளவர்களை ஒருபக்கம் விட்டு, இல்லாத இளவயதுக்காரர் நாலு பேரை வாகனத்தில் ஏற்றினார்கள். அதில் மருமகனும் ஒருவர்.

வியாழக்கிழமை காலை கந்தோர் திறக்குமுன் தகப்பனும் மகளும் வாசலில் நின்றார்கள். மகள் அழுது முடித்துவிட்டிருந்தாள்.

"கருகுனதால சாமி கோவிச்சுக்கிச்சுன்னு சனம் சொல்லுது, ஐயா. சாமி இல்ல. இவருதான். ஒரு துண்டுக் கடுதாசி எடுக்க விட்டாரா? கேளுங்க இவர."

அவர் மகளைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"திங்கக்கெழம நடந்தத எழுதுனீங்களா, ஐயா?"

"எழுதினன்."

"அவன் அங்க நின்னான்னு இருக்கா?"

"இருக்கு. நேரமும் இருக்கு."

"பேரு?"

"அவற்றை பேர் இருக்கு. உங்கடை பேர் இல்லை. எனக்குத் தெரியவும் தெரியாது."

தலையாட்டினார். "எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

முகாம் இரண்டு மைல் தூரத்தில், ஒரு பழைய நெற்களஞ்சியத்தில் இருந்தது. வாசலில் மூவரும் இரண்டு மணித்தியாலம் நின்றோம்; பிறகு மகளை வெளியே நிறுத்தி எங்கள் இருவரை மட்டும் விட்டார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய். இளவயது, அம்மைத் தழும்பு முகம். கொப்பியை வாங்கி நின்றபடியே வாசித்தான்.

"மழை இல்லை... ரயில் இல்லை... குளத்தில் ஆறடி... என்னய்யா இது, உலகத்துல நடக்குற எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கே?" பிறகு திங்கட்கிழமைக்கு வந்தான். வாசிக்க வாசிக்கக் குரல் தணிந்தது. வாசித்துவிட்டு அதிகாரிக்கு மொழிபெயர்த்தான். அதிகாரி ஏதோ கேட்டார்.

"நேத்து ராத்திரி உக்காந்து எழுதியிருக்கலாம்ல, அப்பிடின்னு கேக்குறாரு."

அடுத்த பக்கங்களைக் காட்டினேன். செவ்வாய், புதன். கூடக் கொண்டுபோன பழைய கொப்பிகளில் முந்திய ஆடிகளையும் காட்டினேன். அதிகாரி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிப்பாய் பங்களாக்காரர் பக்கம் திரும்பினான்.

"பெரியவரே, குரக்கன்னா என்ன?"

"கேப்பைங்க."

"கேப்பையா? கேப்பையில பியரா?" சிப்பாயின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "அது கருகிப்போச்சா?"

"கருகிப்போச்சுங்க."

"யாரால?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "காத்தாலங்க" என்றார்.

அதிகாரி கொப்பியை மூடித் தள்ளினார். மருமகனை விடலாம். ஆனால் குடும்பத்தில் ஓர் ஆண் பொறுப்பெடுத்து எழுதிக் கொடுக்கவேண்டும். இனி ஏதும் நடந்தால் அவரைத்தான் பிடிப்பார்கள்.

"நான் வைக்கிறன் கையெழுத்து" என்றேன். "அரசாங்க உத்தியோகம் பாக்கிறன்."

"சொந்தக்காரன்தான் வைக்கணுமாம்" என்றான் சிப்பாய். சிவப்பு மட்டைப் பதிவுப் புத்தகம் ஒன்றை இழுத்து விரித்தான். "பெரியவரே, பேரு?"

அவர் விரித்த பக்கத்தைப் பார்த்தார். களஞ்சியத்துக்குள் எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. அவருடைய தலை மெல்லச் சாய்ந்தது, தாச்சிக்குச் சாய்வதுபோலவே. உள்ளே யாரோ காலை இழுத்து நடக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. அது யாருடைய நடை என்று அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

நிமிர்ந்து தன் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரைச் சொன்னார். பாட்டன் புறப்பட்டு வந்த ஊரின் பெயரைச் சொன்னார். பத்து வருடமாகத் தெரிந்த மனிதரின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டேன். நீளமான, அழகான பெயர். சிப்பாய் பாதியில் தடுமாறினான். இவர் நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாக, அவன் கை பின்தொடரும் வேகத்தில் திரும்பவும் சொன்னார். சொல்லும்போது கண்ணைத் திறந்து அவன் எந்தக் கோட்டில் எழுதுகிறான் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். சிப்பாய் புத்தகத்தைப் படாரென்று மூடினான்.

மருமகனுக்கு நடக்க முடியவில்லை. என் சைக்கிள் கரியரில் இருத்தி, ஒருபக்கம் நான் பிடித்துத் தள்ள, மறுபக்கம் மகள் தாங்கிக்கொண்டு வந்தாள். அவர் எனக்குப் பக்கத்தில் நடந்தார். முதல் மைல் கழிந்தது. பிறகு மற்ற இருவருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"அந்தப் பொஸ்தகம் இனி எங்க போகுங்க?"

"தெரியாது. முகாம் மாறினால் அவையோடை போகும்."

"வேற நாட்டுக்கா?"

"போகலாம்."

நாலைந்து எட்டு நடந்தார். என் கந்தோரில் நான் மைக்கூட்டில் பேனையைத் தோய்த்து எழுதுவதையும், ஒற்றுத்தாள் வைத்து அழுத்தாவிட்டால் எழுத்துகள் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக் கலைவதையும் பல வருடமாகப் பார்த்திருக்கிறார்.

"மை காயிறதுக்கு முந்தியே மூடிட்டாருல்ல, அந்தத் தம்பி?"

"ஓம். உடனை மூடினவர்."

"அப்ப எதிர்ப்பக்கத்துல ஒட்டிக் கலஞ்சிருக்கும்."

விரலுக்குத்தான் மை. பெயரை அந்தச் சிப்பாய் எழுதியது குமிழ்முனைப் பேனையால். அது ஒட்டாது, கலையாது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

"ஓம்" என்றேன். "கலைஞ்சிருக்கும்."